பாலத்துக்கு அடியில் ஒரு மைதானம்

தலைநகர் தில்லியில் மேம்பாலங்களுக்குப் பஞ்சம் இல்லை. 2010-ம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை முன்னிட்டு அவசர அவசரமாகக் கட்டப்பட்டவை ஒருபுறம் என்றால், அதற்கு முன்னும் பின்னும் எழுந்தவை மறுபுறம். பாலத்தின் மேலே என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். கீழே கிடக்கும் நிலத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால்தான் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டுகிறது. துருப்பிடித்த கம்பி வேலி, கட்டட இடிபாடுகள், வழக்கில் சிக்கி மக்கிப்போன வாகனங்கள், போக்கிடம் இல்லாத சில குடும்பங்கள். மும்பையானாலும் கொல்கத்தாவானாலும் மேம்பாலத்தின் அடிவயிறு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. அதே நகரங்களில் சிறுவர்கள் பந்து விளையாட இடமில்லாமல் தெருவிலும் சாலையோரத்திலும் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கும் இடத்தை இளைஞர்கள் சிலர் தாமாகவே துப்புரவு செய்து, சொந்தக் காசில் சிமென்ட் வாங்கிப் பூசி, விளையாட்டுத் திடலாக மாற்றினால் அரசு என்ன செய்ய வேண்டும்? ஆக்கிரமிப்பு என்று இடிக்க வேண்டுமா, அங்கீகரிக்க வேண்டுமா? வளர்ந்த நாடுகள் பலவற்றில் இந்தக் கேள்வி முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுந்து, விடையும் கிடைத்துவிட்டது. கேள்வியை எழுப்பியவர்கள் ஸ்கேட்போர்டு எனப்படும் சறுக்குப் பலகையில் விளையாடும் இளைஞர்கள்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லாந்து நகரின் பர்ன்சைடு பாலத்துக்கு அடியில் 1990-ம் ஆண்டு அக்டோபர் இறுதியில் ஒரு சிறு குழு யாரிடமும் அனுமதி கேட்காமல் சுவரையொட்டிச் சரிவாகக் கான்கிரீட் பூசியது. போதை மருந்துக்காரர்களும் திருடர்களும் நடமாடிய பகுதி அது. சறுக்குப் பலகைக்காரர்கள் வரத் தொடங்கியதும் அந்த நடமாட்டம் குறைந்தது. அக்கம்பக்கத்துத் தொழில் நிறுவனத்தார் இளைஞர்களுக்கு ஆதரவாகப் பேசினார்கள். நகர மன்றமும் பிறகு ஒப்புதல் அளித்தது. அரசின் வரைபடம் இல்லாமல், ஒப்பந்ததாரர் இல்லாமல், துண்டு துண்டாக வளர்ந்த அந்த இடம் இன்று உலகெங்கும் உள்ள இவ்விளையாட்டுக்காரர்களுக்குத் தெரிந்த பெயர். பிலடெல்பியாவில் நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் உருவான திடலின் கதையும் ஏறக்குறைய இதுவே.

இந்த விளையாட்டுக்கும் கைவிடப்பட்ட இடங்களுக்கும் உள்ள உறவு தற்செயலானதல்ல. 1970-களின் மத்தியில் கலிபோர்னியாவைக் கடும் வறட்சி தாக்கியபோது வீடுகளின் நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தன. அந்த வளைந்த சுவர்களில்தான் இளைஞர்கள் பலகையை ஓட்டிப் பழகினார்கள். இன்றைய நவீனத் திடல்களில் காணப்படும் கிண்ணம் போன்ற பள்ளங்கள் அந்த வறண்ட குளங்களின் நகல்கள்தான். சமமான, வழவழப்பான தளமும் சிறிது சரிவும் இருந்தால் போதும். மேலே கூரை இருந்தால் மழைக்கும் வெயிலுக்கும் பாதுகாப்பு. மேம்பாலம் இந்த மூன்றையும் இலவசமாகத் தருகிறது.

லண்டனில் நடந்தது இன்னும் சுவையானது. தேம்ஸ் நதியின் தென்கரைக் கலை மையத்துக்கு அடியில் உள்ள தூண்கள் நிறைந்த தளத்தில் 1970-களிலிருந்து இளைஞர்கள் சறுக்கி விளையாடி வந்தார்கள். 2013-ல் அந்த இடத்தில் கடைகள் கட்டி, அந்த வருவாயில் கலை மையத்தை விரிவுபடுத்தலாம் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. கலைக்காகத்தானே என்று யாரும் விட்டுவிடவில்லை. 27 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தார்கள். 2014 செப்டம்பரில் நிர்வாகம் பணிந்து, அந்த இடம் நீண்ட காலத்துக்கு அப்படியே இருக்கும் என்று சட்டப்படி உடன்பாடு செய்துகொண்டது. அடைத்து வைக்கப்பட்டிருந்த ஒரு பகுதியும் சீரமைக்கப்பட்டு 2019-ல் திறக்கப்பட்டது. கட்டட வரைபடத்தில் வீண் இடமாகக் கருதப்பட்ட ஒரு தளம், பாதுகாக்கப்பட வேண்டிய பொதுச் சொத்தாக ஏற்கப்பட்ட நிகழ்வு அது.

பணக்கார நாடுகளில்தான் இதெல்லாம் என்று ஒதுக்கிவிட முடியாது. போரில் சிதைந்த காபூல் நகரில் 2007-ம் ஆண்டு ஓலிவர் பெர்கோவிச் என்ற ஆஸ்திரேலியர், மெக்ரோயன் பகுதியில் தண்ணீரற்றுக் கிடந்த, சோவியத் காலத்து நீரூற்றுத் தொட்டியில் சிறுவர் சிறுமியருக்குப் பலகையோட்டக் கற்றுக்கொடுத்தார். பெண்கள் சைக்கிள் ஓட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு நிலவிய ஊரில், இந்தப் பலகையைப் பற்றி மட்டும் யாரும் தடை போட்டிருக்கவில்லை. அதைப் பற்றி யாருக்கும் தெரியாது என்பதே காரணம்! அதிலிருந்து பிறந்த "ஸ்கேட்டிஸ்தான்' அமைப்புக்கு 2009-ல் ஆப்கன் ஒலிம்பிக் குழு தந்த நிலத்தில் சொந்தக் கூடம் எழுந்தது. 2021 ஆகஸ்டில் தலிபான்கள் மீண்டும் ஆட்சியைப் பிடித்ததும் அங்கு பெண் குழந்தைகளின் விளையாட்டு நின்றுபோனது பெரும் துயரம்.

அந்தக் காபூல் முயற்சியின் பொறி நம் நாட்டிலும் வந்து விழுந்தது. மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில், புலிகள் காப்பகத்தை அடுத்துள்ள ஜன்வார் கிராமத்தில், உல்ரிக் ரைன்ஹார்டு என்ற ஜெர்மானியப் பெண்மணி 2015-ல் ஒரு கான்கிரீட் சறுக்குத் திடலை அமைத்தார். பல நாடுகளிலிருந்து வந்த தொண்டர்கள் கட்டியது. நிபந்தனைகள் இரண்டே: பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை கிடையாது, பெண் குழந்தைகளுக்கே முதல் உரிமை. பழங்குடியினரும் யாதவர்களும் தனித்தனியே வாழ்ந்த ஊரில் இரு தரப்புக் குழந்தைகளும் ஒரே பலகையை மாற்றி மாற்றி ஓட்டத் தொடங்கினார்கள். பெரியவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு வேடிக்கை பார்த்தார்கள். அந்த ஊரைச் சேர்ந்த கோண்டு இனப் பெண் ஆஷா கோண்டு, 2018-ல் சீனாவின் நான்ஜிங் நகரில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். மாவட்டத் தலைநகரைத் தாண்டுவதே பெரும் பயணமாக இருந்த ஒரு கிராமத்தின் கதை இது. மாமல்லபுரத்தில் பலகையோட்டப் பழகிய மீனவக் குடும்பத்துச் சிறுமியைப் பற்றி 2019-ல் வெளியான "கமலி' குறும்படத்தை அறிந்த நம் வாசகர்களுக்கு இது வியப்பளிக்காது.

ஜன்வாரில் ஒரு வெளிநாட்டவர் வந்து செய்ய வேண்டியிருந்தது என்பது நம்மை உறுத்த வேண்டும். அவர் செய்ததில் குறை காண்பவர்களும் உண்டு. வெளியிலிருந்து வரும் நல்லெண்ணம் எத்தனை நாள் நீடிக்கும் என்பது நியாயமான கேள்விதான். ஆனால், ஒரு கிராமத்துக்குச் சில மூட்டை சிமென்டும் சில பலகைகளும் செய்த காரியத்தை, ஊராட்சியோ மாவட்ட விளையாட்டு அலுவலகமோ ஏன் செய்யவில்லை என்ற கேள்வி அதைவிட நியாயமானது.

நகரங்களிலும் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. மும்பை மாதுங்காவில் மேம்பாலத்தின் கீழ் முறையற்ற வாகன நிறுத்தமும் குப்பையும் சேர்வதைக் கண்டு கொதித்த குடியிருப்போர், விடாமல் போராடி அந்த இடத்தைப் பூங்காவாக மாற்ற வைத்தார்கள். 2016-ல் திறக்கப்பட்ட அந்தப் பூங்காவின் நடைபாதை நர்மதை நதியின் வளைவுகளைப் போல அமைக்கப்பட்டிருக்கிறது. நவி மும்பையில் மேம்பாலத்துக்கு அடியில் சிறுவர்கள் பந்து விளையாடவும் சறுக்கவும் அமைக்கப்பட்ட களத்தின் காட்சி 2023-ல் நாடு முழுவதும் பரவியது. இரண்டும் மகாராஷ்டிரத்தில். தலைநகர் பெருமைப்பட்டுக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை.

அரசிடம் பணம் இல்லை என்று சொல்ல முடியாது. காமன்வெல்த் போட்டிக்காக ஜவாஹர்லால் நேரு விளையாட்டு அரங்கம் பல நூறு கோடி ரூபாய் செலவில் புதுப்பிக்கப்பட்டது. அந்தப் போட்டிகளின் செலவுகள் குறித்து 2011 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையை அவை மறந்திருக்கலாம், வரி செலுத்தியவர்கள் மறக்கவில்லை. அதே அரங்கத்தை இடித்துவிட்டு விளையாட்டு நகரம் அமைக்கும் திட்டம் 2025 நவம்பரில் வெளியானது. 2030-ம் ஆண்டு காமன்வெல்த் போட்டி ஆமதாபாதுக்குக் கிடைத்துவிட்டது. 2036 ஒலிம்பிக் போட்டியை நடத்த இந்தியா விருப்பம் தெரிவித்திருக்கிறது. "கேலோ இந்தியா' திட்டத்துக்கு 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு ரூ.3,165.50 கோடி ஒதுக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் எதிர்க்கட்சிகளின் அமளிக்கிடையே இரு அவைகளிலும் நிறைவேறிய தேசிய விளையாட்டு ஆளுமைச் சட்டம், சங்கங்களின் தேர்தல், வாரியம், தீர்ப்பாயம் ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. தேவைதான். ஆனால், இந்த அடுக்கில் எங்குமே எட்டு வயதுக் குழந்தை தன் வீட்டிலிருந்து நடந்து போய் விளையாட ஓர் இடம் எங்கே என்ற கேள்விக்கு விடை இல்லை. சறுக்குப் பலகை ஒலிம்பிக்கில் அறிமுகமான டோக்கியோ போட்டியில், 2021-ல், மகளிர் பிரிவொன்றில் தங்கம் வென்ற ஜப்பானியச் சிறுமிக்கு வயது 13. அந்த வயதில் வெல்ல வேண்டுமானால் ஐந்து, ஆறு வயதில் தெருமுனையில் தளம் இருந்திருக்க வேண்டும்.

தளத்துக்குத் தடை பணமல்ல, அதிகாரக் குழப்பம். தில்லியை எடுத்துக்கொள்வோம். நிலத்தின் பெரும்பகுதி 1957-ம் ஆண்டுச் சட்டப்படி உருவான தில்லி வளர்ச்சி ஆணையத்தின் கையில். 60 அடிக்கு மேல் அகலமுள்ள சாலைகள் 2012-ல் பொதுப்பணித் துறைக்குப் போயின. அதே ஆண்டு மாநகராட்சி மூன்றாக உடைக்கப்பட்டது. 2022-ல் மீண்டும் ஒன்றாக ஒட்டப்பட்டது. புதுதில்லி நகராட்சி தனி. காவல் துறை மத்திய உள்துறையின் கீழ். இத்தனை வாசல்களில் பாலத்தின் அடியில் பத்துக்குப் பத்து இடம் கேட்டு ஒரு கல்லூரி மாணவன் எந்த வாசலைத் தட்டுவான்? அதே இடத்தை வாகன நிறுத்த ஒப்பந்தத்துக்கு விடுவதென்றால் மட்டும் கோப்பு வேகமாக நகர்ந்துவிடுகிறது.

சட்டம் இளைஞர்களின் பக்கம்தான் இருக்கிறது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சாசனத் திருத்தம் இணைத்த பன்னிரண்டாவது அட்டவணையில், நகர்ப்புற உள்ளாட்சிகளின் 18 பணிகளில் ஒன்றாகப் பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும் குறிப்பிடப்பட்டுள்ளன. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அப்பகுதி மக்கள் தொடுத்த முத்தப்பா வழக்கில், அந்த ஒதுக்கீடு செல்லாது என்ற முடிவை உச்ச நீதிமன்றம் 1991-ல் உறுதி செய்தது. மருத்துவமனையே ஆனாலும் குழந்தைகளின் திறந்தவெளிக்கு ஈடாகாது என்ற நிலை நமது நீதிமன்றங்களுக்குப் புதியதல்ல.

எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணங்களையும் பார்த்துவிடுவோம். கீழே விழுந்து கை கால் முறிந்தால் யார் பொறுப்பு என்கிறார்கள் அதிகாரிகள். சாலையில் விளையாடி லாரியில் அடிபட்டால் யார் பொறுப்பேற்கிறார்களோ, அவர்கள் இதற்கும் பொறுப்பேற்கட்டும். தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கி, பாலத்தின் பொறியாளர் ஒப்புதலுடன், தூண்களைத் தொடாமல் தளம் அமைப்பது செய்யக்கூடாத காரியமல்ல. இது வசதி படைத்தவர்களின் விளையாட்டு என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. நல்ல பலகை ஒன்றின் விலை ஆயிரக்கணக்கில் ஆகிறது. அதற்கான பதில், பலகைகளைப் பொதுவில் வைத்து மாற்றி மாற்றி ஓட்டும் ஜன்வாரில் இருக்கிறது.

உண்மையிலேயே கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. பாலத்துக்கு அடியில் குடியிருக்கும் வீடற்றவர்களை என்ன செய்வது? அழகுபடுத்துதல் என்ற பெயரில் முதலில் துரத்தப்படுபவர்கள் அவர்கள்தாம். காமன்வெல்த் போட்டிக்கு முன்பு தில்லி இதைக் கண்ணாரக் கண்டது. ஏழைக் குடும்பத்தின் அடுப்பை அணைத்துவிட்டு அந்த இடத்தில் யாருடைய பிள்ளையும் விளையாட வேண்டாம். ஆகவே, முதலில் ஆளில்லாத, வெறும் குப்பை மட்டும் கிடக்கும் பாலங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மக்கள் வசிக்கும் இடங்களில், தில்லி நகர்ப்புறத் தங்குமிட மேம்பாட்டு வாரியம் அவர்களுக்கு மாற்றிடம் தந்த பிறகே அடுத்த பேச்சு. அந்தக் குடும்பங்களின் குழந்தைகளுக்குத்தான் திடலில் முதல் பலகை தரப்பட வேண்டும் என்றுகூட விதி எழுதலாம்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. நகரில் உள்ள மேம்பாலங்களின் அடிநிலம் எவ்வளவு, எது யாருக்குச் சொந்தம், எது காலியாக இருக்கிறது என்ற பட்டியலைப் பொதுப்பணித் துறை வெளியிட வேண்டும். பதிவு பெற்ற இளைஞர் குழுவோ குடியிருப்போர் சங்கமோ கேட்டால் குறிப்பிட்ட காலத்துக்குப் பராமரிப்பு உரிமை தரும் எளிய நடைமுறை வேண்டும். ஏற்கெனவே சொந்த உழைப்பில் உருவான இடங்களைப் பொக்லைன் அனுப்பி இடிப்பதற்கு முன், பாதுகாப்புச் சோதனை நடத்தி முறைப்படுத்த வேண்டும். கட்டுபவர்களே பராமரிப்பார்கள் என்பது பர்ன்சைடில் நிரூபணமானது.

நிதிக்கும் வழி இருக்கிறது. தொகுதி மேம்பாட்டு நிதியாக ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஆண்டுக்கு ரூ.5 கோடி ஒதுக்கப்படுகிறது. பொது நிலத்தில் விளையாட்டு வசதி செய்து தர அதன் விதிகள் இடமளிக்கின்றன. தில்லியிலிருந்து மக்களவைக்கு ஏழு பேரும் மாநிலங்களவைக்கு மூன்று பேரும் வருகிறார்கள். ஆளுக்கு ஒரு மேம்பாலம் என்று வைத்துக்கொண்டால் பத்துத் திடல்கள். அவை கூடும் நாள்களில் இவர்களில் சிலர் மேம்பாலம் ஒன்றைக் கடந்துதான் நாடாளுமன்றத்துக்கு வருகிறார்கள். காரை ஒருநாள் பாலத்தின் கீழ்ச் சாலையில் விடச் சொல்லலாம்.