சொட்டுக் கரைசலில் ஒரு வேதியியல் பாடம்

ஆக்சிஜனேற்றம் என்றால் எலக்ட்ரானை இழத்தல். ஒடுக்கம் என்றால் எலக்ட்ரானை ஏற்றல். உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை நாம் ஒப்பித்துவிடுவோம். ஆனால் கண்ணால் கண்டவர் நம்முள் எத்தனை பேர்? ஆசிரியை மேசையில் சோதனை செய்து காட்டும்போது முன்வரிசைக்கு நிறம் தெரிகிறது. பின்வரிசைக்கு முன்வரிசையின் பின்னல்தான் தெரிகிறது. ஒவ்வொரு மாணவியும் தன் கையாலேயே செய்யும் சிறு சோதனைகள் பள்ளிகளில் பெருக வேண்டும் என்பதே நமது கருத்து.

இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. ஒரு வடிதாள், 9 வோல்ட் பேட்டரி, இரு கம்பிகள், இரு முனையும் சீவிய இரண்டு பென்சில்கள் போதும். சில சொட்டுப் பொட்டாசியம் அயோடைடு கரைசலுடன் சிறிது சோற்றுக் கஞ்சியும் ஒரு சொட்டு பினால்ப்தலீனும் கலந்து தாளை நனைக்க வேண்டும். பென்சில் முனைகளை ஒன்றையொன்று தொடாமல் தாளில் வைத்து மின்சாரம் செலுத்தினால், நேர்மின்வாயில் கருநீலம் பரவும். எதிர்மின்வாயில் இளஞ்சிவப்பு மலரும். நேர்மின்வாயில் அயோடைடு எலக்ட்ரானை இழந்து அயோடினாகி, கஞ்சியின் மாவுச்சத்தோடு சேர்ந்து நீலமாகிறது. எதிர்மின்வாயில் நீர் எலக்ட்ரானை ஏற்று ஹைட்ரஜனாகவும் ஹைட்ராக்சைடு அயனியாகவும் பிரிகிறது. அந்தக் காரத்தன்மையே பினால்ப்தலீனைச் சிவக்கச் செய்கிறது.

இனிதான் உண்மையான பாடம். கம்பிகளை இடம் மாற்றிப் பாருங்கள். முனை பட்ட இடத்தில் நீலம் மெல்ல வெளிறும். அயோடின் தான் இழந்த எலக்ட்ரானைத் திரும்பப் பெற்று அயோடைடாகிவிடுகிறது. மறுபுறம் சிவப்பு மறைந்து நீலம் தோன்றும். ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும் இரு தனிப் பாடங்கள் அல்ல, ஒரே கொடுக்கல் வாங்கலின் இரு பக்கங்கள் என்பது அப்போதுதான் மனத்தில் பதியும்.

பலவகை மின்சாரமும் ஒன்றே என 1833இல் மைக்கேல் பாரடே நிறுவியபோது, அயோடைடும் மாவுச்சத்தும் தோய்ந்த தாளும் அவருக்குத் துணை நின்றது. புத்தகம் கட்டும் கடையில் தொழில் பயின்ற அந்த ஏழைச் சிறுவருக்கு வேதியியலில் நாட்டம் ஊட்டியது ஜேன் மார்செட் அம்மையாரின் 'வேதியியல் உரையாடல்கள்' என்னும் நூல். அதில் ஓர் ஆசிரியை, கரோலின், எமிலி என்னும் இரு சிறுமியர்க்குச் சோதனைகள் வழியே பாடம் சொல்கிறார். "பெண்ணுக்கு ஆய்வுக்கூடம் எதற்கு? மதிப்பெண் வந்தால் போதாதா?" என்போர்க்கு இதைவிட நல்ல விடை உண்டோ?

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்பர் சிலர். மெய்தான், ஆயினும் இது சில நிமிட வேலை. செலவாகும் என்பர். முகவையில் ஊற்றுவதைச் சொட்டாக்கினால் செலவும் குறையும், கழிவும் குறையும். படைப்பைப் பேணுமாறு திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'லவுதாத்தோ சி' சுற்றுமடல் வழியே விடுத்த அழைப்புக்கு அதுவும் ஒரு சிறு மறுமொழி. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, ஆசிரியை முன்னிலையில் செய்து, முடிந்ததும் கை கழுவினால் அச்சத்திற்கு இடமில்லை.

விசுவாசத்தில் காணாமல் ஏற்பது சிறப்பு. ஆய்வுக்கூடத்திலோ புனித தோமையாரைப்போல் தொட்டுப் பார்க்க ஆசைப்படுவதே முறை. ஆகவே அருட்சகோதரியரையும் பெற்றோரையும் நாம் வேண்டுவது ஒன்றே: அடுத்த ஆண்டு, இரண்டு மாணவியர்க்கு ஒரு பேட்டரியாவது தாருங்கள். கம்பியை மாற்றும் கை எங்களுடையதாக இருக்கட்டும்.