களத்தரவுப் பகுப்பாய்வில் உரைத்தொகுப்பிச் செருகுநிரல்

நாட்டார் வழக்காற்றியல், வட்டார வழக்காய்வு, வாய்மொழி வரலாறு ஆகிய துறைகளில் அளிக்கப்பெறும் ஆய்வேடுகளில் களத்தரவு பெரும்பாலும் பின்னிணைப்பாகவே நின்றுவிடுகின்றது. தகவலாளர் பட்டியல், சில ஒளிப்படங்கள், தேர்ந்தெடுத்த நேர்காணல்கள் என்ற அளவோடு அது முடிகின்றது. இயலுக்குள் மேற்கோளாக வரும் ஒரு கூற்றைத் தகவலாளர் பலரும் கூறினரா, ஒருவர் மட்டும் கூறினாரா, எவரேனும் மறுத்தனரா என்பதனை அறியத் தேர்வாளர்க்கு வழியில்லை. ஆய்வு முடிவு சரியானதாகவே இருக்கலாம். அதனைச் சோதிக்க இயலாது என்பதே குறை.

இக்குறையைத் தீர்க்கும் முறை புதிதன்று. தரவின் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பொருள் நோக்கிப் பெயரிட்டு, ஒரே பெயர் பெற்ற பகுதிகளைத் தம்முள் ஒப்பிடும் முறையைக் கிளாசரும் ஸ்ட்ராசும் 1967இல் நெறிப்படுத்தினர். அவ்வாறு இடும் பெயரைக் குறியீடு என்பர். அச்சொல் இலக்கியத் திறனாய்வில் வேறு பொருளில் வழங்குவதால் ஈண்டுப் பொருட்குறி எனப்படுகின்றது. புறநானூற்றுப் பாடல்களின் கீழ்த் திணையும் துறையும் குறித்தோர் செய்ததும் ஏறத்தாழ இதுவே. பாடலும் குறிப்பும் ஒருங்கே கிடைப்பதனாலேயே அத்துறை பொருந்துமா என்று இன்றும் வாதிட முடிகின்றது.

என்விவோ, அட்லஸ்.டிஐ, மேக்ஸ்கியூடிஏ முதலிய மென்பொருள்கள் இப்பணிக்கென்றே உருவானவை, ஆற்றல் மிக்கவை. ஆயினும் அவற்றின் உரிமக் கட்டணம் உதவித்தொகையை நம்பியிருக்கும் ஆய்வாளர்க்கு எளிதன்று. உரிமம் முடிந்தபின் தம் உழைப்பையே திறந்து பார்க்க இயலாத நிலையும் நேரலாம். மென்பொருள்களுக்கிடையே தரவைப் பரிமாற 2019இல் ரெஃபி-கியூடிஏ என்னும் தரம் வந்தது. அதனைப் படிக்கவும் ஒரு மென்பொருள் வேண்டும்.

அப்சிடியன் என்னும் உரைத்தொகுப்பியில் இணையும் குவாட்ரோ என்னும் செருகுநிரல் இவ்விடத்தில் கருதத்தக்கது. இதில் நேர்காணல் ஓர் எளிய உரைக்கோப்பு. பொருட்குறி ஒவ்வொன்றும் தனித்தனி உரைக்கோப்பு. ஒரு பத்திக்குப் பொருட்குறி இட்டதும் இரு கோப்புகளிலும் இணைப்பு பதிவாகின்றது. கடலோரக் களப்பணியில் திரட்டிய உரையாடல்களில் காற்றைப் பற்றிய பத்திகளுக்கெல்லாம் ‘காற்றறிவு’ எனக் குறியிட்டால், அப்பெயருள்ள கோப்பில் அவை யாவும் ஒருசேரத் தோன்றும். கச்சான், கொண்டல், வாடை என்னும் சொற்களைத் தேடியும் பல பத்திகளைக் காணலாம். ஆனால் காற்றின் பெயரையே சொல்லாமல், வலை இழுபட்ட திசையைக் கொண்டு அதனை உணர்த்தும் மீனவர் கூற்று தேடலில் அகப்படாது. மேலும், ‘ஆறு’ எனத் தேடினால் ‘ஆற்றில்’ கிடைக்காத மொழி நம்முடையது. படித்தறிந்து இடும் குறிக்குத் தேடல் ஈடாகாது.

இச்செருகுநிரல் பத்தியையே அலகாகக் கொள்கின்றது. பத்திக்குள் ஒரு தொடருக்கு மட்டும் குறியிட இடமில்லை. இதனைப் பெருங்குறையாகச் சொல்வர். ஒலிப்பதிவில் பத்தி என ஒன்றில்லை. எழுத்துப்பெயர்ப்பாளரே அதனை உண்டாக்குகின்றார். எங்கே பத்தி பிரிப்பது என்பது விளக்கம் சார்ந்த முடிவு. தொல்காப்பிய நூற்பாக்களின் எண்ணிக்கை உரையாசிரியர்க்கு உரையாசிரியர் வேறுபடுவதற்கு நூற்பாவைப் பிரித்தும் சேர்த்தும் கொண்டமையும் ஒரு காரணம் என்பதை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டா. குவாட்ரோ அம்முடிவை மறைக்காமல் முன்னிறுத்துகின்றது. அவ்வகையில் இக்குறையும் பயனுடையதே. ஆயினும் ஒப்பாரிக்கு இது போதாது. விம்மலும் இழுப்பும் பொருள் தரும் இடத்தில் எழுத்துருவமே பாதியைத்தான் தரும். அங்கே ஒலிப்பதிவை விட்டு அகலலாகாது.

கணினி விளக்கம் சொல்லாது என்று மூத்த ஆய்வாளர் ஐயுறுவதுண்டு. குவாட்ரோ விளக்கம் எதனையும் சொல்வதில்லை. அஞ்ச வேண்டியது அதன் எளிமையை. குறியிடுதல் ஒரு நொடிச் செயலானதும் பெயர்கள் பெருகுகின்றன. பின்னர் அவற்றின் எண்ணிக்கையே சான்றாக எழுதப்படுகின்றது. ஒரு குறி முப்பது இடங்களில் வந்தது என்பது ஆய்வாளர் அதனை முப்பது முறை இட்டார் என்பதற்குமேல் தன்னளவில் எதனையும் காட்டாது. ஒவ்வொரு பொருட்குறிக் கோப்பின் தலைப்பிலும் அதன் வரையறையையும், எவை அதனுள் அடங்கா என்பதையும் எழுதிவைத்தால் இப்பெருக்கம் ஓரளவு தணியும்.

பழைய தரவுகளுக்கு முன்வேலை உண்டு. ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் தட்டச்சிட்ட நேர்காணல்கள் எளிய உரைக்கோப்பில் பொருளற்ற எழுத்துக் குவியலாகவே தெரியும். அவற்றை மாற்றி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திய பின்னரே குறியிடல் இயலும்.

அப்சிடியன் திறந்த மூல மென்பொருள் அன்று. அது நாளை மறைந்தாலும் கோப்புகள் ஆய்வாளர் கணினியில் இருக்கும். எந்த உரைத்தொகுப்பியிலும் திறக்கும். ஆகவே, பெயர் மறைத்த எழுத்துப்பெயர்ப்புகளையும் வரையறையோடு கூடிய பொருட்குறிக் கோப்புகளையும் ஆய்வேட்டுடன் தேர்வாளர்க்கு அளிக்கத் துறைகள் விதிசெய்யலாம். அவற்றைப் பொதுவெளியில் இடுவது வேறு செய்தி. சாதிப் பூசல், நிலத் தகராறு பற்றி நம்பிப் பேசிய தகவலாளரைப் பெயர் நீக்கிய பின்னும் ஊரார் அடையாளம் காண்பர். அவர் இசைவு நேர்காணலுக்குத் தந்தது, வெளியீட்டுக்குத் தந்தது அன்று.