குப்பைப் பாடம்

பள்ளிப் பிள்ளைகளுக்குக் குப்பையைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்கள். மக்குவது ஒரு தொட்டியில், மக்காதது மறு தொட்டியில் என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் அதே பாடத்தை ஜவ்வாது மலைப் பிள்ளையிடம் நடத்தும்போது, யார் யாருக்கு ஆசிரியர் என்ற கேள்வி எழத்தான் செய்கிறது!

சாமை விளையும் மலை அது. சாமையைக் குத்திப் புடைத்தால் உமி மிஞ்சும். சாணமும் சாம்பலும் அன்றாடம் மிஞ்சும். ஆண்டுக்கணக்கில் மழை தாங்கிய கூரைப்புல்லும் ஒருநாள் மக்கும். அத்தனையும் எருக்குழிக்குப் போய், மறுபடி கொல்லைக்கே வந்து சேரும். மலையாளிப் பழங்குடி வீட்டுப் பாட்டிக்கு ‘மறுசுழற்சி’ என்ற சொல் தெரியாமல் இருக்கலாம். செயல் தெரியும்.

இந்த வரலாறு பாடத்தில் உண்டா? மூன்று அம்புகள் வட்டமிடும் முத்திரையைப் பிள்ளைகள் வரைகிறார்கள். அது 1970இல் அமெரிக்க மாணவர் கேரி ஆண்டர்சன் ஒரு போட்டிக்காக வரைந்தது. வேலையோ அதற்கு எத்தனையோ நூற்றாண்டு மூத்தது! கி.பி. 105இல் சீனத்துச் சாய் லுன் காகிதம் செய்தது மரப்பட்டையோடு கந்தலையும் பழைய மீன்வலையையும் சேர்த்துத்தான். 1813இல் இங்கிலாந்தின் பேட்லி ஊரில் பெஞ்சமின் லா என்பவர் பழைய கம்பளிக் கந்தலைப் பிய்த்து நூலாக்கிப் புதுத்துணி நெய்தார். ‘ஷாடி’ என்று அதற்குப் பெயர். ஆலைகள் எழுந்தன, முதலாளிகள் செழித்தனர். கந்தல் பிரிக்க உட்கார்ந்த பெண்களுக்கு மிஞ்சியது தூசி! அந்தத் தூசியால் வந்த நோய்க்கே ‘ஷாடி காய்ச்சல்’ என்று பெயர் வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், தோழர்களே.

நம் தெருவில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவரும், தட்டும் தராசுமாய் வந்த பழைய பேப்பர்க்காரரும் அந்தப் பரம்பரைதான். அவர்களை எந்தப் பாடநூல் ஆசிரியர் என்று அழைத்தது?

1933இல் இங்கிலாந்தில் பாலித்தீன் கண்டுபிடிக்கப்பட்டது. எருக்குழி செரிக்காத குப்பை அதன் வழியே வந்தது. மலையில் அது விளையவில்லை, பேருந்தேறி வந்தது. பீமன் நீர்வீழ்ச்சிக்கும் ஜமுனாமரத்தூர்க் கோடை விழாவுக்கும் வரும் நாம்தான் அதைச் சுமந்து வந்தவர்கள். ஷாம்பு உறையையும் நொறுக்குத் தீனி உறையையும் பழைய பொருள் கடைக்காரர்கூடத் தொடமாட்டார். விலை போகாத சரக்கு. ஓடையில் விழுந்தால் என்ன ஆகும்? செய்யாறு பிறப்பது அந்த மலையில். மேலே எறிந்தது கீழே நம் வயலுக்கு வராமல் எங்கே போகும்?

சட்டம் இல்லாமல் இல்லை. மலைமீது குப்பைக் கிடங்கு கூடாது, மிச்சத்தைக் கீழே கொண்டுபோக வேண்டும், சுற்றுலா வருவோர் சரிவில் புட்டி எறியாமல் தடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே எழுதின. பிளாஸ்டிக் உறையில் சரக்கு விற்பவனுக்கு அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு உண்டு என்று அதே ஆண்டின் பிளாஸ்டிக் விதிகள் கூறின. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வந்தது; 2021இல் மஞ்சப்பையும் மீண்டது. பையைத் தூக்கு என்று பிள்ளைக்குச் சொன்னோம். உறையைத் திருப்பி எடு என்று ஆலைக்காரனிடம் அதே குரலில் சொன்னோமா?

சொன்னால் நடக்கும் என்பதற்கு நீலகிரி சான்று. உயர்நீதிமன்றம் இடித்துரைத்தபின், 2022இல் அங்கே மதுப்புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப்புட்டியைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். காட்டில் யானைக் காலைக் கிழித்த கண்ணாடி, கடைக்குத் திரும்பி வந்தது. பத்து ரூபாய்க்கு இருந்த பலம் பத்துப் பலகைகளுக்கு இருந்ததில்லை!

ஆகவே பாடத்தில் ஒரு பக்கம் சேர்க்கச் சொல்கிறோம். தொட்டியோடு நிறுத்தாதீர்கள். தொட்டியைத் தூக்குபவர் யார், அவர் கைக்கு உறை உண்டா, மாதம் தவறாமல் கூலி உண்டா, அந்தத் தொழில் ஏன் சில சாதிகளின் தலையிலேயே கட்டப்பட்டது என்பதையும் பிள்ளை கேட்கட்டும். அடுத்த கோடை விழாவுக்கு மலையேறும் கிளைத் தோழர்கள், கொண்டுபோகும் புட்டியையும் உறையையும் அதே பையில் கீழே கொண்டுவாருங்கள். இறங்கும் வழியில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் ஒரு மனுவும் கொடுங்கள்: மிச்சக் குப்பையை இறக்கும் வண்டி எத்தனை நாளுக்கு ஒருமுறை ஓடுகிறது, எந்தெந்த ஊருக்குப் போகிறது என்று எழுத்தில் கேட்டு.