மலை ஏறுமுன் ஒரு சொல்

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் மூடப்பட்டதும், பங்கு இளைஞர்கள் ஒன்றுகூடி எங்கேனும் போய்வரத் திட்டமிடுவது வழக்கமாகிவிட்டது. முன்பெல்லாம் வேளாங்கண்ணி, பூண்டி, பிச்சாவரம் என்ற அளவில் முடிந்துபோன பேச்சு, அண்மை ஆண்டுகளில் மலைப்பக்கம் திரும்பியுள்ளது. காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துத் தாய்மார் சிலர் இந்த மார்கழித் தொடக்கத்தில் நம்மிடம் கேட்டனர்: "பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஏற்காட்டு மலையில் நடக்கப் போகிறார்களாம். பனிக்காலமாயிற்றே, அனுப்பலாமா?" அவர்கள் கேட்டது மகன்மாரைப் பற்றியன்று, மகள்மாரைப் பற்றியே என்பதையும் இங்கே குறித்துவைக்கிறோம். மகன்மார் ஏற்கெனவே பணம் கட்டியாயிற்றாம்.

இக்கேள்வி நியாயமானதே. நம் மக்கள் சமவெளி மக்கள். காட்டுமன்னார்கோயிலில் பிறந்து வளர்ந்த ஒருவர் அண்ணாந்து பார்க்கும் உயரங்கள், வீரநாராயணப் பெருமாள் கோயில் கோபுரமும், நம் கோயில் மணிக்கூண்டும், வீராணத்து ஏரிக்கரையுமே. அக்கரையின் மீது லால்பேட்டைப் பக்கத்திலிருந்து சேத்தியாத்தோப்பு வரை ஏறக்குறைய 16 கிலோமீட்டர் நடந்தாலும் ஒரு முழம் ஏற்றமில்லை. விருத்தாசலம் வழியாகச் சேலத்துக்கு இரயிலேறுகிறோம்; அவ்வூருக்குத் திருமுதுகுன்றம் என்பது பழம்பெயர்; இறங்கித் தேடினால் குன்றைத்தான் காணோம்! சின்னசேலம் தாண்டி ஆத்தூர்ப் பக்கம் வந்த பின்னரே சன்னலோரத்தில் மலைகள் எழுகின்றன. பிள்ளைகள் கூச்சலிடத் தொடங்குகின்றனர்.

பெற்றோரின் அச்சத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நேர்ந்ததைத் தமிழகம் மறக்கவில்லை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் சென்ற இரு நடைக்குழுவினர் கொழுக்குமலையிலிருந்து இறங்கி வருகையில் காய்ந்த புற்சரிவில் பரவிய காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலர் இளம் வயதினர், பெண்கள் பலர். அன்றுமுதல் 'மலையில் நடக்கப் போகிறோம்' என்று பிள்ளைகள் சொன்னாலே பெற்றோருக்கு நெஞ்சு திடுக்கிடுகிறது.

ஆயினும் அந்நிகழ்ச்சியைச் சற்று நின்று நோக்க வேண்டும். அது நடந்தது மார்ச் மாதத்தில். புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும் காலத்தில். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் நிற்கும் மார்கழி, தை மாதங்களில் தீயைப் பற்றிய பயம் மிகக் குறைவு. அவ்விபத்துக்குப் பின் 2018-ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு மலைநடைக்கென விதிகளை வகுத்தது. காட்டுவழிகள் எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை எனப் பிரிக்கப்பட்டன. முன்னனுமதியின்றிக் காட்டுக்குள் நடப்பது தடுக்கப்பட்டது. 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது வழிகளைத் தேர்ந்து, கணினி வழியே முன்பதிவு செய்யும் முறையைத் தொடங்கியது. மலைவாழ் இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக உடன் வருகின்றனர். தீக்காலத்தில் இவ்வழிகள் மூடப்படுகின்றன. ஆகவே பெற்றோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "எந்த வழி, யாருடைய அனுமதி, உடன் வரும் உள்ளூர்க்காரர் யார்?" என்பதாகும். இதற்கு விடை சொல்லத் தடுமாறும் குழுவோடு மகளை மட்டுமன்று, மகனையும் அனுப்பலாகாது.

சரி, அனுமதியும் வழிகாட்டியும் உண்டென்று வைத்துக்கொள்வோம். பனிக்கால மலை என்ன செய்யும்?

மேலே செல்லச் செல்ல, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வீதம் காற்றின் வெப்பம் குறைந்துகொண்டே போகும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ளது. நம்மூரில் தை மாத விடியலில் 20 டிகிரி என்றால், அங்கே 10-ஐ ஒட்டி இருக்கும். இமயத்துக் குளிரோடு ஒப்பிட்டால் இது ஒரு பொருட்டன்று என்று நம் இளைஞர்கள் கூறுவர். உலர்ந்த உடம்புக்கு அது மெய்தான். ஏற்றத்தில் வியர்த்து, பருத்திச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு, உச்சியில் காற்று வீசுமிடத்தில் அமர்ந்து கட்டுச்சோற்றை அவிழ்க்கும்போதுதான் குளிர் தன் வேலையைத் தொடங்குகிறது. நனைந்த பருத்தி உடற்சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளியோ நனைந்தாலும் ஓரளவு காக்கும். உடம்பின் உள்வெப்பம் 37-லிருந்து 35-க்குக் கீழே இறங்கிவிட்டால் அது ஆபத்து. முதலில் நடுக்கம் வரும், பின்னர்ப் பேச்சுக் குழறும், கால் இடறும், கேட்டால் "எனக்கொன்றுமில்லை" என்பார். அவ்வாறு சொல்பவரையே நாம் கவனிக்க வேண்டும். ஈர உடையைக் களைந்து, உலர்ந்ததை உடுத்தி, காற்றுப்படாத இடத்தில் அமர்த்தி, இனிப்பாகச் சூடான காப்பியோ தேநீரோ தரவேண்டும். சூடு தரும் என்று பிராந்தியை நாடுவோர் அறியவேண்டியது: மது தோலிலுள்ள இரத்தக்குழாய்களை விரித்து, உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்றிவிடுகிறது. அருந்தியவருக்கு இதமாகத் தோன்றும்; உடம்போ மேலும் குளிரும். (மலைக்குப் போத்தலோடு வருபவரை அடிவாரத்திலேயே திருப்பியனுப்புவது குழுத்தலைவரின் கடமை என்பது நம் கருத்து.)

குளிரைவிட நாம் அஞ்சவேண்டியது இருட்டு. மார்கழியிலும் தையிலும் மாலை ஆறு மணியளவில் ஞாயிறு மறைந்துவிடும். நம் நாட்டில் அந்திப்பொழுது நீளாது. அரைமணிக்குள் இருள் கவிந்துவிடும். மலையின் கிழக்குச் சரிவில் இறங்குவோருக்கு நாலரை, ஐந்து மணிக்கே வெயில் போய்விடும். மூடுபனியும் சேர்ந்தால் பத்தடி முன்னுள்ளதும் தெரியாது.

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காத்லாந்து மலைநடையாளர் 1892-இல் ஒரு கணக்கைச் சொன்னார். தொலைவுக்கு, ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி. ஏற்றத்துக்கு, ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி. இன்றும் மலைநடையாளர் இதனைக் கைக்கொள்கின்றனர். வீராணத்துக் கரை முழுவதையும் மூன்றே கால் மணியில் நடந்துவிடுபவர், 600 மீட்டர் ஏற்றமுள்ள ஆறு கிலோமீட்டர் மலைவழிக்கும் இரண்டேகால் மணி ஒதுக்க வேண்டும். அதுவும் நல்ல திடகாத்திரமுள்ளவர் நில்லாமல் நடந்தால்தான். அத்தைமாரும் சிறுவரும் கலந்த குழுவுக்கு அதில் பாதியை மேலும் கூட்டிக்கொள்வது நலம். சமவெளி மக்கள் தொலைவை மட்டும் கேட்டுவிட்டு, "ஆறே கிலோமீட்டர்தானா?" என்று ஏமாறுவது இங்கேதான்.

சில ஆண்டுகளுக்கு முன் தை மாதத்தில், நம் பகுதியைச் சேர்ந்த குழுவொன்றோடு சேர்வராயன் மலைக்குச் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. இருபத்திரண்டு பேர். ஏற்காட்டு ஏரியருகிலிருந்து புறப்பட்டு, காப்பித் தோட்டங்களினூடே, 1,600 மீட்டருக்கு மேலுள்ள சேர்வராயன் உச்சிவரை சென்று திரும்புவது திட்டம். அங்கே வாகனம் செல்லும் சாலையும் உண்டு. எனினும் நடந்து போவதே நோக்கம். கீரைக்கட்டுகளோடு எதிரே வந்த மலைவாழ் பெண்கள், மூச்சிரைத்து நின்ற எங்களைக் கண்டு சிரித்துக்கொண்டே கடந்து சென்றனர். 'மலையாளிகள்' என்பது அம்மக்களின் பெயர்; கேரளத்தவரல்லர்; தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக வழிவழியாகக் கூறிவருபவர்கள்.

வலிய கால்களையுடைய ஆறேழு இளைஞர்கள் முன்னே ஓடினர். ஒரு வளைவில் அமர்ந்து இளைப்பாறினர். பின்னால் வந்தவர்கள் அவ்விடத்தை அடைந்ததுமே, "வந்துவிட்டார்கள், கிளம்பலாம்" என்று எழுந்து நடந்தனர். ஆக, ஓய்வு தேவைப்படாதவர்களுக்கு ஓய்வு கிடைத்தது, தேவைப்பட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதனை நாம் எல்லா மலைகளிலும் கண்டிருக்கிறோம். மூன்றாம் முறை இவ்வாறு நடந்தபோது, ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார் பாறையில் அமர்ந்துவிட்டார். ஓர் இளைஞர் அன்போடுதான் சொன்னார்: "அத்தை, நீங்க இங்கேயே உட்கார்ந்திருங்க. நாங்க மேலே போய்ட்டு வந்து கூட்டிட்டுப் போறோம்."

அம்மையாரும் சம்மதித்தார். பிறருக்குப் பாரமாகக் கூடாது என்று நம் தாய்மார் எதற்கும் சம்மதித்துவிடுவார்கள். ஆனால் உடன் வந்த உபதேசியார் மறுத்துவிட்டார். "போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றாகவே இருக்கும் என்று யார் சொன்னது? பனி இறங்கினால் இந்தப் பாறையை எப்படித் தேடுவாய், தம்பி?" என்றார். பின்னர் வரிசையை மாற்றி அமைத்தார். வழிகாட்டி முதலில், அவருக்கு அடுத்து அம்மையார், அவருடைய பை மற்றவர் தோளில், ஓடிய இளைஞர்களுள் வலியவர் கடைசியில். அவருக்குப் பின்னால் எவரும் இருக்கலாகாது, அவர் முன்னே எவரையும் தாண்டலாகாது என்பது கட்டளை. வழி பிரியுமிடமெல்லாம் கடைசி ஆள் வரும்வரை அனைவரும் நிற்க வேண்டும். அதன்பின் அத்தையின் நடையே குழுவின் நடையாயிற்று.

காலையில் ஏரிக்கரையிலேயே பேசி முடிவு செய்தபடி, பிற்பகல் இரண்டு மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்ப வேண்டும். இரண்டு மணிக்கு உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் அரைமணி நடையே என்றனர். திரும்பினோம். விருத்தாசலம் வரை முணுமுணுப்பு ஓயவில்லை. ஒருவர் இரயிலில் நம்மோடு பேசவேயில்லை. நாம் உபதேசியாரின் பக்கமே நிற்கிறோம். திரும்பும் நேரத்தைக் களைப்பும் ஆசையும் இல்லாத காலையில் முடிவு செய்ய வேண்டும். உச்சியைக் கண்ட கண்கள் அதனை முடிவு செய்யலாகாது.

இதை அச்சம் என்று எண்ணுவோருக்கு ஒரு மலைவீரரின் கதையைச் சொல்வோம். 1889 சூலை மாத இறுதியில் மிலான் நகரத்துக் குருவானவர் ஒருவர், ஒரு நண்பரோடும் இரு வழிகாட்டிகளோடும் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோந்தே ரோசாவை அதன் கடுமையான கிழக்கு முகத்தின் வழியே ஏறினார். உச்சியை அடைந்தபோது மாலை மங்கிவிட்டது. இருட்டில் இறங்க அவர்கள் துணியவில்லை. 4,500 மீட்டருக்கும் மேலே, ஒரு குறுகிய பாறை விளிம்பில், உறங்கிவிடாமல் கால்களை உதைத்துக்கொண்டு இரவைக் கழித்தனர். விடிந்த பின்னர் இறங்கினர். நால்வரும் நலமே திரும்பினர். அக்குருவானவர் அக்கீல் இராத்தி. 1922-இல் பாப்பரசராகி, பதினோராம் பத்திநாதர் எனப் பெயர் கொண்டவர் அவரே. மறு ஆண்டில் ஆல்ப்ஸ் கணவாயில் வழிப்போக்கருக்குப் புகலிடம் அமைத்த புனித பெர்நார்துவை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட பியர் ஜார்ஜோ பிரசாத்தியும் தூரின் நகரத்து நண்பர்களையும் தோழியரையும் குழுவாகச் சேர்த்துக்கொண்டு மலைக்குப் போனவரே. இருபத்து நான்கு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் மறைந்தார்.

இனி மகள்மாரைப் பற்றி. பெற்றோர் மனம் நோகாதபடி நேரே சொல்லிவிடுகிறோம். மலையின் ஆபத்துகளில் எதுவும் ஆண், பெண் பார்ப்பதில்லை. தனியாகப் பின்தங்க விடுவதும், இருட்டும் வரை நடப்பதும் இருவருக்கும் ஒரே கேடு. பெண்பிள்ளைகளுக்கென்று கூடுதலாகக் கேட்க வேண்டியவை சில உண்டு: இரவு தங்குமிடம் எது, உடன் வரும் மூத்த பெண்மணிகள் யார், வழியில் ஒதுங்க இடமுண்டா என்பன. ஒதுங்க இடமில்லையே என்று பெண்கள் தண்ணீர் குடிக்காமல் நடந்து மயங்கி விழுந்ததை நாம் கண்டிருக்கிறோம். குளிரில் தாகம் தோன்றாது. ஆயினும் உடம்பு நீரை இழந்துகொண்டேயிருக்கும். இக்கேள்விகளுக்கெல்லாம் தக்க விடை கிடைத்த பின்னும் மகனை அனுப்பி மகளை வீட்டில் நிறுத்தினால், அதற்கு மலையைக் காரணம் காட்டலாகாது.

கொண்டு போவனவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். உச்சியில் மாற்றிக்கொள்ள உலர்ந்த சட்டை ஒன்று, நெகிழித்தாளில் சுற்றியது. காதை மூட ஒரு துண்டு. கம்பளி மேலாடை. மழைக்கோட்டு. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். வெல்லமும் வேர்க்கடலையும். கைவிளக்கு, கைப்பேசியின் வெளிச்சத்தை நம்பினால், கூப்பிட வேண்டிய நேரத்தில் அதில் உயிர் இருக்காது. செருப்பு வேண்டா, பனியில் நனைந்த இலைச்சருகு எண்ணெய் தடவியதைப் போல வழுக்கும். ஏற்காட்டுப் பக்கம் காட்டெருமை உண்டு. கண்டால் படமெடுக்க நெருங்காமல் விலகி நிற்க வேண்டும். பாறைத்தேனீக் கூடுள்ள இடங்களில் புகையும் கூச்சலும் கூடா.

பயணம் பொங்கல் விடுமுறையில் என்றால் இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. நடவு முடிந்து, அறுவடை தொடங்காத காலம், மாலையில் ஓய்வுண்டு. கரைமீது நெடுக நடப்பது மலைக்குப் பயிற்சியாகாது; சரிவுதான் வேண்டும். பயணத்துக்கு அணியவிருக்கும் அதே காலணியோடும், தோளில் அதே பையோடும், ஏரிக்கரையின் சரிவில் இருபது முறை ஏறி இறங்கிப் பார்க்கலாம். குழு முழுவதும் சேர்ந்து செய்தால், கடைசியில் வருபவர் யார் என்பது புறப்படுமுன்பே தெரிந்துவிடும். வழிகாட்டிக்கு அடுத்த இடத்தை அவருக்கென்று குறித்துவைக்கலாம்.