சுற்றுச்சூழல் போதனையும் அதனை நடத்துவோரும்

சுற்றுச்சூழல் என்னும் சொல் இக்காலத்தில் பட்டிதொட்டிகளிலும் வழங்கி வருகின்றது. கிணற்று நீர் ஆண்டுக்காண்டு கீழிறங்குவதும், ஏரிகளில் சீமைக்கருவேல் மண்டியதும், வயலில் தவளையும் நத்தையும் அருகிப் போனதும் குடியானவர்கள் கண்ணாரக் கண்டவையே. இவ்விஷயங்களை மக்களுக்கு எடுத்துரைப்பதையே தொழிலாகக் கொண்ட, இலாப நோக்கமற்ற ஸ்தாபனங்கள் நாட்டில் பல தோன்றியுள்ளன. அவற்றின் துண்டுப் பிரசுரங்களைப் பற்றியும் ஊர்வலங்களைப் பற்றியும் பேசுவோர் அநேகர். அவற்றை நடத்தும் தலைவர் எத்தகையவர், கிராமத்திற்கு வரும் ஊழியர் எத்தகையவர் என்று விசாரிப்போர் மிகச் சிலரே. முளைப்புத்திறன் பாராது விதைநெல் வாங்க ஒருப்படாத மிராசுதார், யோசனை வாங்கும்போது மட்டும் அதைக் கொண்டு வருபவரைப் பற்றி ஒரு வார்த்தை கேளாமலிருப்பது வியப்பே.

இத்தகைய ஸ்தாபனங்களுள் ஆமதாபாத்திலுள்ள சுற்றுச்சூழல் கல்வி மையம் முக்கியமானது. 1984ஆம் ஆண்டில், மத்திய சர்க்காரின் சுற்றுச்சூழல் இலாகா அளித்த ஆதரவுடன், நேரு அபிவிருத்தி நிறுவனத்தைச் சார்ந்து இது நிறுவப்பட்டது. ஆரம்ப முதல் அதன் இயக்குநராக அமர்ந்தவர் கார்த்திகேய சாராபாய். விண்வெளி ஆராய்ச்சிக்கு வித்திட்ட விக்ரம் சாராபாயின் புதல்வர். 2012இல் இவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தலைமை ஆமதாபாத்தில் இருப்பினும், பெங்களூர், லக்னோ, புனே, கௌஹாத்தி முதலிய இடங்களில் கிளைகளை அமைத்து, அந்தந்தப் பிரதேசத்தின் பாஷையறிந்தவர்களைக் கொண்டு வேலை நடத்தும் முறையை இம்மையம் மேற்கொண்டது. பள்ளிகளில் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயமாக வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 1991இல் உத்தரவிட்ட பின் இதன் வேலை பெரும்பாலும் பள்ளிக்கூடங்களைச் சுற்றியே பெருகிற்று.

ஆயினும் விவசாயிகள் இம்மையத்தை நினைவிற்கொள்ள வேண்டிய காரணம் வேறு. காய்ப்புழு கத்தரியின் குருத்தையும் காயையும் ஒருங்கே துளைத்துக் கெடுப்பது. உள்ளே புகுந்த புழுவை மருந்து எட்டாது. ஆதலால் பறிப்புக்குப் பறிப்பு மருந்தடிப்பது வழக்கமாகிவிட்டது. இப்புழுவைத் தாங்கவல்லதாகச் செய்த பி.டி. கத்தரிக்கு, மத்திய சர்க்காரின் நிபுணர் கமிட்டி 2009ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி இசைவு தெரிவித்தது. இதைச் செய்தவர்கள் மஹிகோ கம்பெனியாரும், கோயமுத்தூர், தார்வாட் ஆகிய இரு விவசாய சர்வகலாசாலைகளும். கோயமுத்தூரார் எடுத்துக்கொண்டவை கோ 2, மதுரை 1, கிள்ளிகுளம் 1, பாலூர் 1 என்னும் நம் ரகங்களே. ஆகவே இவ்விவகாரம் தமிழ்நாட்டுத் தோட்டக்காரர்களுக்கு அந்நியமானதன்று.

நாடெங்கும் எதிர்ப்பும் ஆதரவும் எழவே, சுற்றுச்சூழல் மந்திரி ஜெய்ராம் ரமேஷ் முடிவை உடனே வெளியிடாமல் பொதுமக்களின் அபிப்பிராயத்தைக் கேட்கத் தீர்மானித்தார். கூட்டங்களை ஏற்பாடு செய்யும் பொறுப்பு ஆமதாபாத் மையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2010 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 6 வரை கல்கத்தா, புவனேசுவரம், ஆமதாபாத், நாகபுரி, சண்டிகர், ஹைதராபாத், பெங்களூர் ஆகிய ஏழு நகரங்களில் கூட்டங்கள் நடைபெற்றன. ஏறத்தாழ 8,000 பேர் கலந்துகொண்டனர். விவசாயிகள், விஞ்ஞானிகள், விதை வியாபாரிகள், வைத்தியர்கள், இல்லத்தரசிகள் எனப் பலதிறத்தாரும் அவற்றிலிருந்தனர். பிப்ரவரி 9ஆம் தேதி மந்திரி பயிரிடுவதை நிறுத்தி வைத்து, அதற்கான காரணங்களையும் பகிரங்கமாக அச்சிட்டு வெளியிட்டார்.

அம்முடிவு சரியா தவறா என்பதில் இன்றும் அபிப்பிராய பேதமுண்டு. அண்டை நாடாகிய வங்காள தேசம் 2013இல் அதே வகைக் கத்தரிக்கு அனுமதியளித்து, 2014இல் 20 விவசாயிகளிடம் முதல் நாற்றுகளைக் கொடுத்தது. அவ்வாதத்தை வேறிடத்தில் வைத்துக்கொள்ளலாம். ஈண்டுக் கருதத்தக்கது கூட்டத்தை நடத்தியவர்களின் நிலை. மையத்துச் சிப்பந்திகள் இருதரப்பு வாதங்களையும் தொகுத்து ஒரு சிறு நூல் தயாரித்தனர். அது பிரதேச பாஷைகளிலும் பெயர்க்கப்பட்டது. மண்டபத்தில் கூச்சலும் குழப்பமும் மிக்கிருந்தன. இரு பக்கத்தாரும் தத்தம் ஆதரவாளர்களைத் திரட்டி வந்தனர். அந்த இரைச்சலுக்கிடையே எவர் பேசினார், என்ன பேசினார் என்று குறித்தெடுத்து, அறிக்கையாக்கி மந்திரியிடம் சேர்ப்பித்ததுவே இவர்கள் செய்த சேவை. போதனை செய்யப் பழகிய ஊழியர், வாய்மூடிப் பிறர் பேச்சை எழுதும் வேலையைச் செய்தல் எளிதன்று. ஆனால் அதுவே அவர்களுக்குரிய உயர்ந்த வேலை. சுற்றுச்சூழல் ஸ்தாபனத்தின் தலைவர் பயிர் நூலில் நிபுணராக இருக்கவேண்டுமென்பதில்லை. தம் அபிப்பிராயத்தை ஒரு நாள் மூட்டை கட்டி வைக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும். சர்க்காருக்கு முரசறைபவராகவோ கட்சிக்குக் கொடி பிடிப்பவராகவோ மாறிவிட்டவரை நம்பிக் குடியானவர் தம் குறையைச் சொல்ல முடியாது.

அக்கூட்டங்களில் குறையும் இருந்தது. கோயமுத்தூரின் ரகங்கள் சம்பந்தப்பட்டிருந்தும் தமிழ்நாட்டு நகரம் ஒன்றேனும் பட்டியலில் இல்லை. நகர மண்டபத்தில் வைத்த கூட்டத்திற்கு இரண்டு ஏக்கர்க் கத்தரித் தோட்டக்காரர் தாமாக வருவது அருமை. வருபவர் யாரேனும் அழைத்து வந்தவராகவே இருப்பர். ஏழு நகரங்களுக்குப் பதில் எழுபது சந்தை ஊர்களில், சந்தை நாளன்று, உரத்தகுரல் பெருக்கியின்றி உட்கார்ந்து கேட்டிருந்தால் கிடைக்கும் செய்தி வேறாயிருக்கும். ஒரு மாதத்திற்குள் முடிக்க வேண்டிய அவசரத்தில் அது இயலவில்லை போலும்.

தலைமையைப் பற்றி இன்னொரு விஷயம். தோற்றுவித்தவரே பல்லாண்டு தலைவராயிருப்பதால் கொள்கை நிலைத்து நிற்கும். அவருக்குப் பின் யார் என்னும் கேள்வியும் கூடவே வளரும். இதற்கு டில்லியிலுள்ள விஞ்ஞான சுற்றுச்சூழல் மையத்தின் வரலாறு நல்ல உதாரணம். அனில் அகர்வால் அதனை 1980இல் தொடங்கினார். காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் ஆகாய விமானம் மூலம் தெளித்த எண்டோசல்பான், பத்ரே கிராமத்தாரின் உடலில் கலந்திருப்பதை 2001இல் பரிசோதித்து வெளிப்படுத்தியது அந்த மையமே. 2002 ஜனவரியில் அகர்வால் காலமானார். 1982 முதல் அவரிடம் வேலை கற்ற சுனிதா நாராயண் பொறுப்பைத் தொடர்ந்தார். மறு ஆண்டே குளிர்பானங்களில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதை அம்மையம் அறிவித்தது. 2004இல் பார்லிமெண்டு கூட்டுக் கமிட்டியும் அதனை ஆமோதித்தது. இருபது ஆண்டு உடனிருந்து பழகிய ஒருவர் இல்லாதிருந்தால், ஸ்தாபகரோடு பரிசோதனைச் சாலையும் பூட்டப்பட்டிருக்கும்.

அப்படிப் பழகும் அவகாசம் கிராமத்து ஊழியர்களுக்குக் கிடைப்பதில்லை என்பதே இத்துறையின் பெரிய நோய். நன்கொடை இரண்டு அல்லது மூன்று ஆண்டுத் திட்டத்திற்கென வருகின்றது. திட்டம் முடிந்தால் ஊழியரும் போய்விடுகிறார். முதலாண்டில் ஊரின் வாய்க்கால் எது, வண்டிப்பாதை எது, யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்பதைக் கற்கிறார். இரண்டாமாண்டில் வேலை தொடங்குகிறது. மூன்றாமாண்டில் படம் பிடித்து அறிக்கை எழுதுகிறார். நட்ட மரம் நிழல் தரும் நாளில் அவர் பெயர் எவருக்கும் நினைவிராது. பட்டம் பெற்ற வாலிபர்களை நகரத்திலிருந்து அனுப்புவதை விட, உள்ளூரில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆண் பெண் இருவரைத் தேர்ந்து, குறைந்த சம்பளமாயினும் நீண்ட காலம் வைத்துக்கொள்வது மேல். சென்னையில் 1989இல் தோன்றிய சி. பி. இராமசாமி ஐயர் சுற்றுச்சூழல் கல்வி மையம் கோயிற்காடுகளைப் புதுப்பிக்கும் வேலையை மேற்கொண்டது. அத்தகைய வேலைக்குக் காவல் ஊரார் கையிலேயே இருக்கவேண்டும். ஆடு மேய்ப்பவரும் பூசாரியும் சம்மதியாவிடின் எந்த மையத்து வேலியும் ஒரு கோடைக்குமேல் நில்லாது.

கிராம அதிகாரிகளும் இதில் சிறிது கவனிக்க வேண்டும். ஊழியர் வந்தால் பள்ளிச் சிறுவர்களை வெயிலில் வரிசையாக நிறுத்தி, பதாகை கொடுத்து, படமெடுத்து அனுப்பிவிடுவது பல ஊராட்சிகளில் வழக்கமாயிருக்கின்றது. அதற்குப் பதிலாக, கிராம சபை கூடும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் அவருக்கு அரைமணி ஒதுக்கலாம். கால்மணி அவர் பேசட்டும். கால்மணி குடியானவர்கள் கேட்கட்டும். எந்த ஸ்தாபனம் அனுப்பியது, பணம் எங்கிருந்து வருகிறது, எத்தனை ஆண்டு இருப்பார் என்னும் மூன்றையும் தலைவர் முதலில் கேட்டறியலாம். விடை தெரியாத கேள்விகளைத் தீர்மானப் புத்தகத்தில் பதிந்து, அடுத்த சபையில் அவர் கொண்டுவரும் பதிலை அதற்கு நேரே எழுதி வைக்கவேண்டும்.