நோயுற்றவரின் பாட்டு எது?



மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாழும் பெற்றோர் சிலர் அண்மைக் காலமாக ஒரே கவலையை வெவ்வேறு சொற்களில் வெளியிட்டு வருகின்றனர். "பட்டம் பெற்ற பிள்ளை இசையில் முதுகலை பயில விரும்புகிறது. பின்னர் இசைச் சிகிச்சை கற்று, மருத்துவமனையில் பணிபுரிய வேண்டும் என்கிறது. பாட்டு நல்லதுதான், ஆனால் அஃது ஒரு படிப்பாகுமா? பாட்டினால் நோய் தீருமா? அதைக் கொண்டு பிழைக்க முடியுமா?" இவ்வினாக்களை எழுப்பும் பெற்றோரைக் குறுகிய மனத்தினர் என்று நாம் தள்ளிவிடலாகாது. பிள்ளையின் வாழ்வு மட்டுமன்றி, நாளை அப்பிள்ளையின் கையில் ஒப்படைக்கப்படும் நோயாளியின் நலமும் இதில் அடங்கியுள்ளது. ஆகவே இம்மாதம் இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

நோயுற்றவர் அருகில் பாடும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. புறநானூற்றின் 281ஆம் பாடலில் அரிசில் கிழார் ஒரு வீட்டைக் காட்டுகிறார். போரில் புண்பட்டு வந்த வீரன் அங்கே கிடக்கிறான். மகளிர் வீட்டில் இரவ இலையையும் வேப்பிலையையும் செருகுகின்றனர், வெண்கடுகு தூவுகின்றனர், நறும்புகை எழுப்புகின்றனர், யாழும் பிற கருவிகளும் ஒலிக்கக் காஞ்சிப் பண் பாடுகின்றனர். நம் மயிலையிலோ, அரவு தீண்டி இறந்த பூம்பாவையைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடி எழுப்பினார் என்பது சைவப் பெருமக்கள் வழிவழியாகப் போற்றும் செய்தி. பாட்டுக்கு உயிரைத் தொடும் ஆற்றல் உண்டு என்னும் நம்பிக்கை இம்மண்ணில் எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்கு இவை சான்று.

நாம் நன்கறிந்த சான்று சாமுவேல் முதல் நூலில் உள்ளது. சவுல் அரசன் மனக்கலக்கமுற்றபோது, யாழ் மீட்டுவதில் தேர்ந்த ஒருவனைத் தேடுமாறு அவன் பணியாளர் சொல்கின்றனர். அவ்வாறு அழைத்து வரப்பட்ட தாவீது யாழிசைக்க, அரசன் ஆறுதல் பெறுகிறான். இவ்வளவோடு பலர் கதையை நிறுத்திவிடுகின்றனர். ஆனால் இரண்டு அதிகாரங்கள் கடந்து படித்துப் பாருங்கள். அதே தாவீது, அதே யாழ், அதே அரசன். இம்முறையோ இசை ஒலிக்கும்போதே சவுல் ஈட்டியை எடுத்து எறிகிறான். நரம்பின் ஒலி மாறவில்லை. இருவருக்கும் இடையே இருந்த உறவு மாறிவிட்டது. தாவீதின்மீது கொண்ட பொறாமை சவுலின் செவியை அடைத்துவிட்டது. இசைச் சிகிச்சையைப் பற்றி அறிய விரும்புவோர் இவ்விரு காட்சிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். இசை, விழுங்கியவுடன் வேலை செய்யும் மாத்திரை அன்று. பாடுபவர், கேட்பவர், பாட்டு ஆகிய மூன்றும் பொருந்தும்போதுதான் அது மருந்தாகிறது.

இதை மறந்தவர்களே, இன்ன ராகம் இன்ன நோய்க்கு என்று பட்டியல் அச்சிட்டு வழங்குகின்றனர். சர்க்கரை நோய்க்கு ஒன்று, இரத்தக் கொதிப்புக்கு ஒன்று, உறக்கமின்மைக்கு ஒன்று என அப்பட்டியல் நீளும். அதை நம்பி மருத்துவர் கொடுத்த மருந்தை எவரேனும் நிறுத்துவாரேயானால், அவர் தம் உடலுக்கே தீங்கிழைப்பவர் ஆவார். நீலாம்பரி உறக்கம் தரும் என்பர். அந்த ராகத்தின் தாலாட்டைக் கேட்டு வளர்ந்தவருக்கு அது பொருந்தலாம். அதனை வாழ்நாளில் கேட்டறியாத ஒருவருக்கு அஃது ஓர் அயல் ஒலியாகவே நின்றுவிடவும் கூடும்.

எடுத்துக்காட்டைத் தொலைவில் தேட வேண்டுவதில்லை. கபாலீசுவரர் கோயில் குளத்தருகிலிருந்து சாந்தோம் பேராலயம் வரை நடந்து, அங்கிருந்து கடலோரமாக நொச்சிக்குப்பம் சென்று சேருங்கள். அச்சிறு தொலைவில் எத்தனை இசை உலகங்கள்! ஓதுவார் பாடும் தேவாரம் ஒருபுறம். மார்கழியில் சபாக்களில் ஒலிக்கும் கீர்த்தனைகள் ஒருபுறம். மாதா பாடல்கள் ஒருபுறம். திரைப்பாடலும் கானாவும் ஒருபுறம். சாவு வீட்டில் இரவெல்லாம் பாடப்படும் கானா, அதனோடு வளர்ந்தவருக்குத் துயரத்தை இறக்கி வைக்கும் தோளாகும். அதே பாட்டை மற்றொருவரின் படுக்கையருகே ஒலிக்கச் செய்தால், "என் முடிவு நெருங்கிவிட்டதோ?" என்று அவர் நடுங்குவார்.

நம் இல்லங்களுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, மக்கள் மொழிக்கு வாயில் திறந்தது. ஒவ்வொரு மக்களினத்தின் இசை மரபுக்கும் உரிய மதிப்புத் தர வேண்டும் என்று அதன் 119ஆம் பிரிவு கூறுகிறது. அதற்கு முன்பு சிறுவராயிருந்து பீடத்தில் உதவிய முதியவருக்கு இலத்தீன் பாடல்களே நெஞ்சின் அடித்தளத்தில் பதிந்திருக்கும். அவர் பேரப்பிள்ளைகளுக்கோ அவற்றின் பெயரும் தெரியாது. எண்பது வயதைக் கடந்து நினைவு மங்கிய பெரியவரிடம் பேரப்பிள்ளைகளுக்குப் பிடித்த பாட்டைப் பாடினால் அவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய பாட்டை எடுத்தால் உதடுகள் அசையும்.

ஆகவே, சிகிச்சை செய்ய வருபவர் முதலில் அறிய வேண்டியது நோயாளியின் பாட்டு எது என்பதையே. இதனால்தான் இசைப் பண்பாட்டுக் கல்வி இன்றியமையாததாகிறது. ஒரு மக்கள் எதை, எப்போது, யாருக்காகப் பாடுகின்றனர்; எந்த ஒலி மங்கலம், எந்த ஒலி இழவு; எந்தப் பாட்டு வேலையோடு பிறந்தது, எது வழிபாட்டோடு வளர்ந்தது என்பனவற்றை ஒழுங்காகக் கற்பதே அக்கல்வி. இஃது அழகுக்கான அணிகலன் அன்று. நோயைக் கண்டறியும் முன் நாடி பிடிப்பதைப் போன்றது.

இத்துறைக்குச் சென்னையில் நல்ல அடித்தளம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1932ஆம் ஆண்டிலேயே இந்திய இசையில் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. அங்கே பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி நெடுங்காலம் துறைக்குத் தலைமை தாங்கி, இசையைச் செவிவழிச் செல்வமாக மட்டுமன்றி, ஆய்வுக்குரிய கல்வியாகவும் நிலைநாட்டினார். அடையாற்றங்கரையில் பிராடி மாளிகை என்னும் பழங்கட்டடத்தில் இயங்கிவரும் அரசு இசைக் கல்லூரி, 1949இல் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல் முதல்வராகக் கொண்டு தொடங்கப்பெற்றது. 2013இல் நிறுவப்பட்ட இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தோடு அஃது இணைந்தது. திருச்சிராப்பள்ளியில் நம் திருச்சபையின் முயற்சியாக 1977இல் தோன்றிய கலைக்காவிரியையும் இங்கே நினைவுகூரத் தகும்.

மருத்துவமும் இசையும் ஒருவரிடமே கூடுவதற்கும் தமிழ்நாட்டில் முன்மாதிரி உண்டு. 1859இல் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவர். மருத்துவத்தால் ஈட்டிய பொருளை இசை ஆராய்ச்சிக்குச் செலவிட்டார். 1912இல் சங்கம் அமைத்து மாநாடுகள் கூட்டினார். 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். இரண்டு கலைகளையும் அவர் தனித்தனியே, ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கற்றார் என்பதை இளைஞர்கள் கருத வேண்டும். ஒன்றில் அரைகுறையானவர் மற்றொன்றைக் கொண்டு அக்குறையை மூடிவிட இயலாது.

இசைச் சிகிச்சை தனிப் படிப்பாக உருப்பெற்றது சென்ற நூற்றாண்டில்தான். இரண்டு உலகப் போர்களிலும் உடலும் மனமும் சிதைந்த வீரர்களுக்காக அமெரிக்க மருத்துவமனைகளுக்கு இசைவாணர் சென்றனர். நல்ல பாடகராக இருப்பது மட்டும் அங்கே போதவில்லை. நோயின் இயல்பை அறியாதவரால் நோயாளியை அணுக முடியவில்லை. அத்தேவையிலிருந்தே 1944இல் மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் பட்டப்படிப்பு எழுந்தது. நம் ஊரில் வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதன் ராக ஆராய்ச்சி மையம் நிறுவி, இதில் மக்களின் கவனத்தை ஈர்த்தார். சுமதி சுந்தர் சென்னையில் இசைச் சிகிச்சைப் பள்ளி ஒன்றைத் தோற்றுவித்தார். புதுச்சேரியில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 2010இல் இசைச் சிகிச்சைக் கல்வி, ஆய்வு மையம் அமைந்தது. மருத்துவக் கல்லூரிக்குள்ளேயே இப்படிப்பு இடம்பெற்றது கவனிக்கத்தக்கது.

இனி, பயன் என்ன? உறுதியாகச் சொல்லத்தக்க ஒன்றை எடுத்துக்கொள்வோம். பக்கவாதத்தால் மூளையின் இடப்பக்கம் தாக்குண்டவர் சிலருக்குப் பேச்சு நின்றுபோகும். "தண்ணீர்" என்னும் ஒரு சொல் வராது தவிப்பவர், பழகிய பாடலை எடுத்துக்கொடுத்தால் அடி பிறழாது பாடுவதுண்டு. நோயில்பூசுதல் வழங்கச் செல்லும் குருக்கள் இதைக் கண்டு வியந்திருப்பர். பேச்சுக்கு மூளை பெரிதும் இடப்பக்கத்தைச் சார்ந்திருக்க, பாட்டில் வலப்பக்கத்தின் பங்கும் மிகுதி என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். இதனை அடிப்படையாகக் கொண்டு பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 1973இல் ஒரு முறையை வெளியிட்டனர். அன்றாடச் சொற்றொடரை உயர்ந்த சுரம், தாழ்ந்த சுரம் என இரண்டே சுரங்களில் இசைத்து, இடக்கையால் தட்டிக்கொண்டே நோயாளியோடு சொல்லி, படிப்படியாக இசையைக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவருவது அம்முறை. ஆனால் ஆங்கிலப் பேச்சின் அழுத்தத்தை ஒட்டி அமைந்ததை அப்படியே தமிழில் நட்டுவிட இயலாது. நமக்குக் கல் வேறு, கால் வேறு. குறிலை நீட்டினால் பொருளே மாறிவிடும். தமிழின் ஓசையையும் தமிழ் இசையையும் கற்ற ஒருவரே இதைத் தமிழ் நோயாளிக்கு ஏற்ப வடிக்க வல்லவர்.

எல்லா ஆய்வுகளும் இவ்வாறு நம்பிக்கை தரவில்லை என்பதையும் மறைக்கலாகாது. ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகளை 9 நாடுகளில் ஆராய்ந்து 2017இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், இசைச் சிகிச்சை சேர்த்துப் பெற்றவர்க்கும் வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்க்கும் இடையே, அக்குறைபாட்டின் கடுமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இதனால் இசை அக்குழந்தைகளுக்கு வேண்டாதது என்று முடிவு கட்ட வேண்டா. முகமலர்ச்சி ஒன்று, குறைபாடு குறைவது வேறொன்று. இரண்டையும் பிரித்தறிந்து பெற்றோரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுகின்றவரே உண்மையான சிகிச்சையாளர்.

ஆதலின் பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் பெற்றோர் சில வினாக்களைக் கல்வி நிலையத்தில் தயங்காது கேட்க வேண்டும். உடலியலும் உளவியலும் பாடமாக உண்டா? மருத்துவமனையிலோ சிறப்புப் பள்ளியிலோ எத்தனை மணி நேரம் நேரடிப் பயிற்சி? அப்பயிற்சியை மேற்பார்வையிடுபவர் யார்? வழங்கப்படும் பட்டத்தைப் பல்கலைக்கழகம் ஏற்கிறதா? ஒரு மரபு இசையோடு நில்லாது, மக்கள் பாடும் பலவகை இசையையும் கற்பிக்கின்றனரா? சில வார இறுதி வகுப்புகளில் எவரையும் சிகிச்சையாளராக்கிவிடுவதாகச் சொல்லும் இடத்திலிருந்து விலகி நிற்பதே அறிவுடைமை.

பிழைப்பைக் குறித்தும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவோம். நிலையான பணியிடங்கள் நம் நாட்டில் இன்னும் குறைவே. ஆசிரியப் பணியோடும், சிறப்புப் பள்ளிப் பணியோடும், முதியோர் இல்லப் பணியோடும் சேர்த்தே பலர் இதனைச் செய்ய வேண்டியிருக்கும். அதை அறிந்தும் விரும்புகின்ற பிள்ளையிடம் பொறுமையும், பிறர் துன்பத்தருகே நெடுநேரம் அமரும் மனமும் உண்டா என்று பாருங்கள். இனிய குரல் இருந்து இவை இல்லையெனின், அப்பிள்ளைக்கு உரிய இடம் மேடையே. இவை இருப்பின், "பாட்டுப் படித்து என்ன ஆகப்போகிறது?" என்னும் சொல்லால் அப்பிள்ளையின் மனத்தை முறித்துவிடாதீர்கள்.

பட்டம் பெறாத நாமும் இதிலிருந்து கற்கக் கூடியது ஒன்றுண்டு. வீட்டில் நோயாளி படுத்திருக்கையில், பக்திப் பாடல்தானே என்று காலை முதல் இரவு வரை தொலைக்காட்சியை ஓடவிடுகிறோம். ஓயாத ஒலி, நலிந்தவருக்குச் சுமையாகும். அதனை அணைத்துவிட்டு அருகில் அமருங்கள். "உங்களுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும்?" என்று கேளுங்கள். அவரால் சொல்ல இயலாதெனின், அவரோடு வளர்ந்த உடன்பிறந்தாரிடமோ பழைய அயலாரிடமோ கேட்டறியுங்கள். மெல்லிய குரலில் ஒரு முறை பாடிவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். முகம் சுளித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். கண்ணீர் வந்தால் கையைப் பற்றிக்கொண்டு காத்திருங்கள். உதடு அசைந்தால் அடுத்த அடியை அவருக்கே விட்டுக்கொடுங்கள்.