சட்டத்தின் கண்ணில் படாத ஏரிக்கரை

சென்னை - திருவள்ளூர் நெடுஞ்சாலையில் பட்டாபிராமைக் கடப்பவர்களின் பார்வையை இன்று முதலில் ஈர்ப்பது, 2024 நவம்பரில் திறக்கப்பட்ட 21 மாடி டைடல் பூங்கா. அதற்குக் கிழக்கே ஆவடியில் பருத்திப்பட்டு ஏரியும், மேற்கே திருநின்றவூரில் ஈசா ஏரியும் உள்ளன. சில மீட்டர் உயரமே கொண்ட மண்கரைகள் தாங்கி நிற்கும் நீர்நிலைகள் இவை. சென்னையின் மேற்குப் புறநகர் முழுவதும் இத்தகைய சிறு மண் அணைகளால் உருவான நிலம்தான். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு 'ஏரிகள் மாவட்டம்' என்ற பெயர் வந்ததும் இவற்றால்தான்.

ஏரி என்றதும் பள்ளம் என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் நமது ஏரிகள் தோண்டப்பட்டவை அல்ல, தடுக்கப்பட்டவை. மெல்லச் சரியும் நிலத்தில், தாழ்ந்த பக்கத்தில் மட்டும் பிறை வடிவில் மண்ணைக் குவித்து, ஓடி வரும் மழைநீரை நம் முன்னோர் நிறுத்தினர். நிறுத்திய நீரை வயலுக்கு விட மதகு. மிகுந்த நீரைப் பாதுகாப்பாக வெளியேற்றக் கலங்கல். நீரைக் கொண்டுவந்து சேர்க்க வரத்துக் கால்வாய். ஓர் ஏரியின் கட்டுமானம் அவ்வளவுதான்.

இந்த எளிய அமைப்பின் விளைவு ஒன்று பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. கரையை ஒட்டி நீர் ஆழமாகவும், அங்கிருந்து உள்வாயை நோக்கிப் போகப்போக ஆழம் குறைந்து, இறுதியில் வெறும் ஈரச் சேறாகவும் முடிகிறது. ஆழமான பகுதியில் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் முக்குளிப்பான்களும் மீன் பிடிக்கின்றன. முழங்கால் அளவு நீரில் நாரைகளும் கொக்குகளும் இரை தேடுகின்றன. கணுக்கால் அளவு நீரும் சேறும் உள்ளான் இனங்களுக்கு உரியவை. கோரையும் சம்பும் மண்டிய ஓரங்களில் தாழைக்கோழிகள் கூடு கட்டுகின்றன.

வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் ஏரி, பாசனத்துக்கு நீர் திறக்கப்படுவதால் தை, மாசி மாதங்களில் மெல்லப் பின்வாங்கும். அப்போது நாள்தோறும் புதிதாகச் சேறு வெளிப்படும். அதிலுள்ள புழுக்களும் பூச்சிகளும் பறவைகளுக்கு உணவாகும். வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் இங்கே தங்கும் காலமும் ஏறத்தாழ இதுவே. பறவைகளுக்காக எவரும் திட்டமிடவில்லை. நெல்லுக்காக வகுத்த நீர்க் கணக்கு பறவைகளுக்கும் பொருந்தியது.

இதற்கு வேடந்தாங்கலைவிடச் சிறந்த சான்று இல்லை. சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சரணாலயம் அடிப்படையில் ஓர் ஊர்ப் பாசன ஏரி. பறவைகளின் எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரம் என்பதை அறிந்த விவசாயிகள், அங்கே வேட்டையாடுவதை எதிர்த்தனர். அவர்கள் கோரிய உரிமையை 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் எழுத்தில் ஏற்றார். அதே ஏரி 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. மண்கரையும் மதகும் கொண்ட ஒரு பாசன ஏரி, உலகம் மதிக்கும் ஈரநிலமாகவும் இருக்க முடியும் என்பதே அதன் பொருள்.

ஆனால், இந்த உண்மையை நம் சட்டங்கள் ஏற்கவில்லை என்பதுதான் இன்றைய சிக்கல். 2017-இல் மத்திய அரசு வெளியிட்ட ஈரநிலங்கள் (பாதுகாப்பு, மேலாண்மை) விதிகள், குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதர் கட்டிய நீர்நிலைகளை 'ஈரநிலம்' என்ற வரையறையிலிருந்து விலக்கிவிட்டன. ராம்சர் தகுதி பெற்ற வேடந்தாங்கல் போன்ற சில இடங்கள் அந்தத் தகுதியால் தப்பின. மற்ற ஆயிரக்கணக்கான தமிழக ஏரிகள், கட்டியவர் மனிதர் என்ற ஒரே காரணத்தால் வெளியே நிற்கின்றன.

மறுபுறம், 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளையும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றையுமே கருத்தில் கொள்கிறது. ஏரிக்கரை அந்த அளவை எட்டுவது அரிது. தமிழ்நாட்டின் 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டமோ, அதன் பெயரே சொல்வதுபோல, ஆக்கிரமிப்பு அகற்றலை மையமாகக் கொண்டது. நீரின் தரம், நீர்மட்டம், அதில் வாழும் உயிர்கள் ஆகியவை அதன் முதன்மைக் கவலை அல்ல. ஆக, அணைச் சட்டத்துக்கு ஏரிக்கரை மிகச் சிறியது. ஈரநில விதிகளுக்கு அது மிகச் செயற்கையானது. இரண்டு சட்டங்களுக்கும் நடுவே அது விடுபட்டுப் போகிறது.

இந்த வெற்றிடத்தை இப்போது நிரப்புவது 'அழகுபடுத்தல்'. 2019-இல் பருத்திப்பட்டு ஏரி நடைபாதையுடன் பசுமைப் பூங்காவாக மாற்றப்பட்டது. ஆக்கிரமிப்பிலிருந்து நீர்ப்பரப்பை மீட்கவும், மக்களுக்கு ஏரியோடு உறவை உண்டாக்கவும் இத்தகைய பணிகள் உதவியுள்ளன, அதை மறுப்பதற்கில்லை. நெரிசல் மிகுந்த புறநகரில் காலாற நடக்க ஓர் இடம் வேண்டும் என்பதும் நியாயமான தேவை. ஆயினும், எல்லா ஏரிகளுக்கும் ஒரே வார்ப்பு என்ற நிலை ஏற்பட்டால் இழப்பு பெரிது. ஓரங்களைச் செங்குத்தாக வெட்டி, உட்பரப்பை ஒரே ஆழமாகத் தோண்டி, கரையில் கல் பதித்து, இரவெல்லாம் விளக்கு எரித்தால், கொள்ளளவு கூடலாம். உள்ளான் நிற்கச் சேறு இருக்காது, தாழைக்கோழி கூடு கட்டக் கோரை இருக்காது. கூழைக்கடா வரும், அதைப் படம் எடுத்து, 'பறவைகள் திரும்பின' என்று நாம் மகிழ்வோம். வராமல் போன பறவைகளை யார் கணக்கெடுப்பது?

இதைவிட அடிப்படையான மாற்றம் ஒன்று உண்டு. பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர் பகுதிகளில் ஆயக்கட்டு வயல்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. வயல் இல்லாததால் மதகு திறப்பதில்லை. நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயரில் அழைக்கப்பட்ட, மதகையும் கரையையும் நாள்தோறும் கவனித்த மனிதர் இல்லை. எலி வளையும் நண்டு வளையும் கரையில் கசிவாக மாறுவதை முதலில் கண்டவர் அவர்தான். கரைக்கு மேல் நீர் வழிவதும், கரைக்குள் கசிவு வழி உண்டாவதும்தான் மண் அணைகள் உடையப் பெருங்காரணங்கள். இரண்டையும் தடுப்பது தொடர் கண்காணிப்பு மட்டுமே.

வயலுக்குப் போன நீர் நின்றுவிட்டது. வீடுகளிலிருந்து வரும் கழிவுநீர் தொடர்கிறது. தொழிற்பேட்டைக் கழிவும் வீட்டுக் கழிவும் கலந்த கொரட்டூர் ஏரி விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதை நாம் அறிவோம். கழிவுநீரால் ஆண்டு முழுவதும் ததும்பும் ஏரியில் ஆகாயத்தாமரை செழிக்கும். ஐப்பசியில் வரும் மழைநீருக்கு இடம் இருக்காது. உள்வாயில் வீடு கட்டியவர்களின் தெருக்களில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நீர் புகும் திருநின்றவூரின் துயரம் இதன் மறுபக்கம்.

இங்கேதான் பறவையின் நலனும் மனிதரின் நலனும் ஒன்றாகின்றன. தை முதல் படிப்படியாக நீர்மட்டத்தைக் குறைத்தால், வலசைப் பறவைகளுக்குச் சேற்று நிலம் கிடைக்கும். ஆவணி, புரட்டாசிக்குள் வெள்ளத்தை ஏற்கக் கொள்ளளவும் கிடைக்கும். ஏரி வற்றினால் நிலத்தடி நீர் குறையுமே என்ற குடியிருப்போரின் அச்சம் புறக்கணிக்கத்தக்கதல்ல. அதனால்தான் முழுமையாக வடிக்காமல், கரையோர ஆழப்பகுதியில் நீரை நிறுத்தி, உள்வாயை மட்டும் வெளிப்படுத்தும் அளவீடு தேவை. நம் ஏரிகளின் இயல்பான சரிவு அதற்கு ஏற்றதாகவே அமைந்திருக்கிறது. அதைத் தோண்டிச் சமப்படுத்தாமல் இருந்தால் போதும்.

இலங்கையின் வறண்ட மண்டலத்தில் தொடர்குளங்களின் மேற்புறத்தில் மரச் சோலைகளையும், அணைக்கட்டுக்குக் கீழே தாவரப் பட்டையையும் மக்கள் விட்டுவைத்தனர். ஒன்று காற்றின் வேகத்தையும் நீராவியாதலையும் குறைத்தது. மற்றொன்று கசியும் நீரின் உப்பை வடிகட்டியது. ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு இந்த முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றிருக்கிறது. காட்டையும் குளத்தையும் பிரித்துப் பார்க்காத அறிவு அது. நமது ஏரிகளில் நாணலும் பனையும் நிற்கும் கரைகளுக்கும் அத்தகைய பணி உண்டு.

செய்ய வேண்டியவை புதியவை அல்ல. 100 ஈரநிலங்களை மீட்பதாக அறிவித்த தமிழ்நாடு ஈரநில இயக்கம், புறநகர்ப் பாசன ஏரிகளையும் தயங்காமல் சேர்க்க வேண்டும். மத்திய விதி தடையாக இருந்தால், பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்ற மாற்று வழி உண்டு; ஏரிகள் பல கொண்ட மதுரை அரிட்டாபட்டி 2022-இல் அவ்வாறுதான் அறிவிக்கப்பட்டது. உள்ளாட்சி ஒவ்வொன்றிலும் அமைக்கப்பட வேண்டிய பல்லுயிர் மேலாண்மைக் குழு, ஆவடி மாநகராட்சியில் ஏரிகளின் நீர்மட்டத்தைத் தீர்மானிக்கும் மேசையில் நீர்வளத் துறையோடு அமர வேண்டும். ஒவ்வோர் ஏரிக்கும் ஊதியம் பெறும் கரைக் காவலர் ஒருவர் வேண்டும். பூங்கா அமைத்தாலும், ஏரியின் ஒரு பாதியையாவது விளக்கும் நடைபாதையும் இன்றி விட்டுவைக்க வேண்டும்.

பாசனம் போன பின்பும் ஏரி வேலை செய்கிறது. வெள்ளத்தை ஏற்கிறது, நிலத்தடியை நிரப்புகிறது, பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வரும் உயிருக்கு இரை தருகிறது. இத்தனை பணிகளையும் ஒரு மண்கரை செய்துகொண்டிருக்க, அதைப் பாசனக் கணக்கில் மட்டும் எழுதி, பாசனம் முடிந்ததும் பயனற்றது எனத் தள்ளுவது அறிவுடைமை ஆகாது. சட்டத்தின் வரையறைக்கு ஏற்ப ஏரி மாறாது. ஏரியின் உண்மைக்கு ஏற்பச் சட்டம்தான் மாற வேண்டும்.